நாடகம் அடுத்த வாரம் வரை காத்திருக்காது: சென்னையில் பார்ப்பவர்களும் நடிப்பவர்களும் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு நண்பர் போன் செய்து, “நீ சொன்ன அந்த நாடகம் இன்னும் ஓடுதா?” என்று கேட்டார். ஓடவில்லை. சனிக்கிழமை மாலை ஒன்று, ஞாயிறு மாலை ஒன்று, அவ்வளவுதான் அதன் ஆயுள். செட்டைப் பிரித்து மினி லாரியில் ஏற்றி, குழுவில் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் தார்ப்பாய் போட்டு மூடியாகிவிட்டது. அவர் கேட்டதில் தப்பில்லை. படம் என்றால் ஒரு வாரமாவது ஓடும், விட்டுவிட்டால் ஓடிடியில் வரும் என்று பழகியவர். நாடகத்துக்கு இரண்டுமே கிடையாது.

இருபது வருடமாகச் சென்னையில் நாடகம் பார்க்கிறேன். நடுவில் சில வருடங்கள் ஒரு சின்னக் குழுவுக்கு லைட் போட்டிருக்கிறேன், வாசலில் டிக்கெட் கிழித்திருக்கிறேன். பார்க்க வருபவர்கள், நடிக்க வருபவர்கள், குழு நடத்துபவர்கள் என்று மூன்று தரப்பும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்தச் சினிமாப் பழக்கத்திலிருந்து வருபவை என்பது என் எண்ணம்.

பார்க்க வருபவர்கள்

ஏழு மணி நாடகத்துக்கு ஏழேகாலுக்கு வருவதை முதலில் சொல்லிவிடுகிறேன். சினிமாவில் விளம்பரமும் டிரெய்லரும் நம் தாமதத்தை விழுங்கிவிடும். மேடையில் அப்படி எதுவும் இல்லை. சில அரங்குகளில் விளக்கு அணைந்த பிறகு கதவைத் திறக்கவே மாட்டார்கள். திறந்தாலும், செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கை தேடி வருபவரை மேடையில் நிற்கும் நடிகருக்கு நன்றாகவே தெரியும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை முடியும்வரை மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் அரை மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மியூசியம் தியேட்டருக்கு என்றால் எழும்பூரில் இறங்கி நடந்தே போய்விடலாம். 1896இல் கட்டிய அரங்கம் அது, அரைவட்டமாக இருக்கைகள். கொஞ்சம் முன்னதாகப் போனால் கட்டடத்தையே நின்று பார்க்கலாம்.

அடுத்தது, டிக்கெட் செயலியை மட்டும் நம்புவது. அதில் வருவது ஊரில் நடப்பதில் ஒரு பகுதிதான். சிறு குழுக்கள் பல, வாட்ஸப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சொல்லிவிட்டு வாசலிலேயே டிக்கெட் கொடுக்கும். ஒரு நாடகம் பிடித்திருந்தால் அரங்கத்தின் பெயரை விட்டுவிட்டுக் குழுவின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த நாடகத்தை அவர்கள் எங்கே போடுவார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. எங்கே வாடகை கட்டுபடியாகிறதோ அங்கே.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறு. சென்னையில் நாடகம் பார்ப்பவர்கள் தனித்தனித் தெருக்களில் வாழ்கிறார்கள். சபா நாடகம் பார்ப்பவருக்குக் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழு தெரியாது. நவீன நாடகம் பார்ப்பவர் சபா நாடகத்தைத் துணுக்குத் தோரணம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவார். ஆங்கில நாடகம் பார்ப்பவருக்கு இரண்டு பக்கமும் தெரியாது. ஆனால் இந்த ஊரில் எல்லாமே இருக்கின்றன. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் வருடா வருடம் கோடை நாடக விழா நடத்துகிறது. புது நாடகங்கள் அரங்கேறும் இடம் அது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, ஞாநியின் பரீக்‌ஷா, பிரளயனின் சென்னைக் கலைக்குழு ஆகிய நாடகக் குழுக்கள் எல்லாம் எழுபதுகளின் பின்பாதியிலும் எண்பதுகளிலும் வேர்விட்டவை. 1955இல் தொடங்கிய மெட்ராஸ் பிளேயர்ஸ் ஆங்கிலத்தில் நாடகம் போட்டு எழுபது வருடமாகிறது. பொங்கல் சமயத்துச் சென்னை சங்கமத்தில் பூங்காவிலும் கடற்கரையிலும் நாட்டுப்புறக் கலைஞர்கள் இலவசமாக ஆடுகிறார்கள். கூத்தின் முழு வீச்சு வேண்டுமென்றால் மட்டும் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். தெருக்கூத்துக்குப் பெயர்போன புரிசைப் பக்கம் ஒரு கிராமத்தில் இரவு முழுக்க உட்கார்ந்து பார்த்தவருக்கு, அரைமணி நேரத்துக்குச் சுருக்கிய நகரத்துக் கூத்து போதாது. வருடத்துக்கு ஒரு முறையாவது அடுத்த தெருவுக்குள் போய்ப் பாருங்கள். பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை.

அப்புறம், “ஒரு பாஸ் கிடைக்குமா?” என்ற கேள்வி. நடிகர் நண்பராக இருந்தால் நிச்சயம் கொடுப்பார். அந்த இருக்கைக்கும் அவர்தான் வாடகை கட்டியிருக்கிறார்.

நடிக்க வருபவர்கள்

பசுபதி கூத்துப்பட்டறையிலிருந்து சினிமாவுக்கு வந்தார், குரு சோமசுந்தரம் வந்தார், விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக இருந்தவர். இந்தக் கதைகள் எல்லாருக்கும் தெரியும். கேட்ட கையோடு, மூன்று மாதம் நாடகம், பிறகு சினிமா என்று கணக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பசுபதி அங்கே இருந்தது வருடக்கணக்கில். அந்த வருடங்களைக் கழித்துவிட்டுக் கடைசி வரியை மட்டும் படிப்பதில்தான் கோளாறு. சினிமா ஆசை இருப்பதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒத்திகையின் நடுவே “சார், ஒரு கோ-டைரக்டர் கூப்பிட்டிருக்கார்” என்று கிளம்பிப் போகிறவரை எந்தக் குழுவும் இரண்டாவது முறை அழைப்பதில்லை. பத்துப் பேர் சேர்ந்து செய்யும் வேலையில் ஒருவர் வராவிட்டால் மீதி ஒன்பது பேரின் மாலையும் வீண்.

ஆடிஷன் அறிவிப்புக்காகக் காத்திருப்பது இன்னொரு தவறு. சிறு குழுக்களில் பெரும்பாலான வேடங்கள் அறிவிப்பு வருவதற்கு முன்பே நிரம்பிவிடும். அருகில் இருப்பவர்களை வைத்தே இயக்குநர் மனதுக்குள் ஆள் போட்டுவிடுவார். அதனால் அருகில் இருங்கள். ப்ராப்பர்டி எடுத்துக்கொடுக்க, செட் தூக்க, ஒத்திகையில் வராதவருக்குப் பதிலாக வசனம் படிக்க ஆள் எப்போதும் தேவை. நான் பார்த்தவரை முதல் வேடம் கிடைத்தவர்களில் பாதிப் பேர், யாருக்கோ காய்ச்சல் வந்த நாளில் எல்லா வசனமும் தெரிந்துவைத்திருந்தவர்கள்.

பயிலரங்கு விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். சில வருடங்களுக்கு முன் இரண்டு நாள் நடிப்புப் பயிற்சி ஒன்றுக்குப் பணம் கட்டிப் போனேன். அறுபது பேர், ஒரே ஹால், ஒரே பயிற்சியாளர். முதல் நாள் காலை முழுக்க எல்லாரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டோம். இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் சான்றிதழ், குரூப் போட்டோ. அந்தச் சான்றிதழை இன்றுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை பேர், மொத்தம் எத்தனை மணி நேரம், முடிவில் மேடையேற்றம் உண்டா? சொல்லித்தருபவர் மேடையில் செய்ததை நீங்கள் ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது என் சொந்த விதி.

முறையாகப் படிக்க நினைப்பவர்கள் செய்யும் தவறு, ஆதாரம் சேர்த்துவைக்காதது. டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டம் வேண்டும், அதோடு குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள். பத்து நாடகத்தில் நடித்திருப்பார், கையில் ஒரு அழைப்பிதழ்கூட இருக்காது. குழுவோ இதற்குள் கலைந்திருக்கும். ஒவ்வொரு நாடகத்துக்கும் அழைப்பிதழ், இரண்டு மேடைப் புகைப்படம், இயக்குநர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் என்று அன்றைக்கே வாங்கி வையுங்கள். டெல்லி தூரம் என்றால் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. நாடகத்தில் முதுகலை படிக்கலாம்.

உதவித்தொகைகளில் செய்யும் தவறு, வயது வரம்பை முன்கூட்டியே பார்க்காதது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள் தரும் திட்டத்துக்கு வயது 18 முதல் 25 வரை. 25 முதல் 40 வரை உள்ளவர்களுக்கு ஜூனியர் ஃபெலோஷிப், மாதம் 10,000. அதற்கு மேல் சீனியர், மாதம் 20,000. இருபத்தாறு வயதில் முதல் திட்டத்தைப் பற்றி விசாரிக்க வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபெலோஷிப்புக்கு “நாடகத்தில் சாதிக்க விரும்புகிறேன்” என்று எழுதினால் போதாது. என்ன ஆய்வு, எப்படிச் செய்வீர்கள் என்று திட்டம் எழுத வேண்டும். ஒரு மாதமாவது எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் அறிவிப்புகளையும் கவனித்து வாருங்கள்.

இன்னொன்று. ஒத்திகை இரவு பத்து மணி வரை நீளும், பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டில். “நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்று சொல்லும் குழுவில் சேரும் பெண்கள், ஒரு பிரச்சினை வந்தால் யாரிடம் சொல்வது என்று சேரும் அன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது. கேட்கக் கூச்சப்படுவதுதான் தவறு. பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடத்தில், பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்காது. அப்போதும் 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் கொடுக்க முடியும். கேள்வி கேட்டதற்கே முகம் சுளிக்கும் குழுவை விட்டு வந்துவிடுங்கள்.

குழு நடத்துபவர்கள்

டிசம்பரில் நாடகம் போட நினைக்காதீர்கள். கச்சேரி சீசனில் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் சபா மேடைகள் காலையிலிருந்து இரவு வரை பாட்டுக்குத்தான். திறந்தவெளியில் போடலாம் என்றால் அக்டோபரிலிருந்து மழை. ஜூலை, ஆகஸ்ட்டுக்குத் தேதி பிடிக்க வேண்டுமென்றால் பொங்கல் முடிந்ததுமே அரங்கக் காரியாலயத்துக்கு நடக்க ஆரம்பிக்க வேண்டும்.

வாடகையைக் கேட்பார்கள், நேரத்தைக் கேட்க மாட்டார்கள். நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். நாலு மணியிலிருந்து ஒன்பது வரை என்று ஒரு அரங்கைப் பிடித்தோம். ஆறரைக்கு ஷோ. நாலு மணிக்குப் போனால் முந்தைய கல்யாண வரவேற்பின் பூ அலங்காரத்தை இன்னும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டியில் பாதி வேலை செய்யவில்லை. முதல் காட்சியில் நள்ளிரவுச் சுடுகாடு. அது டியூப்லைட் வெளிச்சத்தில் நடந்தது. பார்வையாளர்களில் ஒருவர் அதைப் புதிய உத்தி என்று பாராட்டினார். முன்பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் லைட் ஆளை அழைத்துப்போய் ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். ஜெனரேட்டர் செலவு வாடகையில் சேர்த்தியா, மைக் யாருடையது, செட் இறக்க எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

அனுமதி, காப்புரிமை விஷயங்களில் குழப்பம் அதிகம். ஸ்க்ரிப்ட்டைப் போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். அதற்கு அடிப்படையாக இருந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தை, ஞாநி போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. சிலர் இதைக் கேட்டுவிட்டு எதற்குமே அனுமதி தேவையில்லை என்று தெருமுனையில் நாடகம் போடப் போய்விடுகிறார்கள். பொது இடத்தில் கூட்டம் கூட்டுவது வேறு விஷயம். அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி பெற்றுத்தான் ஆக வேண்டும்.

“நாங்க அமெச்சூர்தானே, ரைட்ஸ் எதுக்கு?” என்பது அடிக்கடி கேட்கும் வாதம். அமெச்சூர் குழுவுக்குக் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டுதான். ஆனால் அது காசு வாங்காமல் நடத்தும் காட்சிக்கு. டிக்கெட் போட்டால் போச்சு. டோனர் பாஸ் என்று பெயரை மாற்றினாலும் காசு காசுதான். இந்தியாவில் எழுதியவர் இறந்து 60 ஆண்டு முடியும்வரை உரிமை இருக்கும். பம்மல் சம்பந்த முதலியார் 1964இல் இறந்தார்; அந்தக் கணக்குப்படி 2025 ஜனவரியிலிருந்து அவர் நாடகங்களை யாரும் தாராளமாகப் போடலாம். ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் 1956இல் போனவர், அவர் மூலத்துக்கும் இங்கே உரிமை முடிந்துவிட்டது. ஆனால் நீங்கள் கையில் வைத்திருப்பது தமிழ் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர் நம் காலத்தவராக இருந்தால் அவரிடம் கேட்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். காட்சி மாறும்போது சினிமாப் பாட்டு போடுவதற்கும் உரிமம் வேண்டும். கூட ஒரு தபேலாக்காரரை உட்காரவைப்பது அதைவிட மலிவு, கேட்கவும் நன்றாக இருக்கும்.

டிக்கெட் விலை பற்றி ஒரு வரி: ஒரு டிக்கெட் 500 ரூபாய்க்குள் இருந்தால் நாடகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. இலவசம் என்று அறிவித்தால் கூட்டம் வரும் என்று நம்பாதீர்கள். இருநூறு ரூபாய் கொடுத்தவர் மழை பெய்தாலும் வந்துவிடுவார்.

முடிந்த பிறகு

இப்போது பல நாடகங்களுக்குப் பிறகு பார்வையாளர்களோடு உரையாடல் வைக்கிறார்கள். நல்ல வழக்கம். அதில் பாதிப் பேர் பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து கைதட்டல் முடிவதற்குள் எழுந்து போய்விடுகிறார்கள். மீதி இருப்பவர்களில் ஒருவர் மைக்கை வாங்கி, “என் கேள்வி என்னன்னா” என்று தொடங்கி, எழுபதுகளில் தான் பார்த்த நாடகங்களை வரிசையாகச் சொல்வார். சொந்தக் கவிதை வாசித்தவரையும் பார்த்திருக்கிறேன். நடிகர்கள் மதியத்திலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள், முகத்தில் ஒப்பனை அரிக்கும். ஒரு கேள்வி கேளுங்கள், குறிப்பாகக் கேளுங்கள். அந்தக் காட்சியில் ஏன் முதுகைக் காட்டி நின்றீர்கள் என்று கேட்டால் அவர்கள் பசியை மறந்து பேசுவார்கள். ஒன்பது மணி ஆனதும் வாட்ச்மேன் வந்து பின்வரிசை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பிப்பார். அதற்குப் பிறகும் பேச இருந்தால் வாசலில் டீக்கடை இருக்கிறது.