வெல்டு தள்ளி விழுந்தால் பாயிண்ட்டைத் தொடாதீர்கள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சீட் ஃப்ரேம் அடிக்கும் வெல்டிங் ரோபோக்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரவு ஷிஃப்டில் வெல்டு 2 மி.மீ. தள்ளி விழுந்தால், பென்டன்ட்டை (ரோபோவைக் கையால் ஓட்டும் கருவி) எடுத்து, டார்ச் போக வேண்டிய இடங்களாகப் பதிந்து வைத்த நாற்பது பாயிண்ட்டையும் ஒவ்வொன்றாக நகர்த்திவிடுவார்கள். காலையில் வேறொருவர், ரோபோவின் கையில் உள்ள வெல்டிங் டார்ச் வளைந்திருப்பதைப் பார்த்து நிமிர்த்துவார். நாற்பதும் மறுபடி தப்பு.

பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான் காரணம்: பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சர் நகர்ந்திருக்கும், டார்ச் வளைந்திருக்கும், இல்லை ரோபோவின் ஜீரோ (ஒவ்வொரு மூட்டும் கோணத்தை எண்ணத் தொடங்கும் இடம்) போயிருக்கும். எது என்று தெரியும்வரை புரோகிராமில் கை வைக்காதீர்கள்.

முதலில் பேக்கப். அப்புறம் ரோபோவை ஜீரோ பொசிஷனுக்கு ஓட்டி, ஆறு ஆக்சிஸிலும் (மூட்டுகளிலும்) உள்ள கோடுகள் நேருக்கு நேர் நிற்கின்றனவா என்று பாருங்கள். (ஆயுத பூஜைச் சந்தனத்தைச் சரியாக அந்தக் கோட்டின் மேல்தான் அப்பியிருப்பார்கள். துடைத்துவிட்டுப் பாருங்கள்.) கோடு விலகியிருந்தால் மாஸ்டரிங், அதாவது ஜீரோவை மறுபடி பதிவது, செய்தாக வேண்டும். பொங்கல் லீவில் கன்ட்ரோலர் அணைந்து கிடக்கும்போது மூட்டின் கோணத்தை அளக்கும் என்கோடரின் பேட்டரி தீர்ந்தால் இப்படி ஆகும். பல ரோபோக்களில் அந்த பேட்டரியை, எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட்டு, கன்ட்ரோலர் ஆனில் இருக்கும்போதே மாற்ற வேண்டும். அணைத்துவிட்டுக் கழற்றினால் இருந்த ஜீரோவும் போச்சு.

கோடு சரி என்றால் அடுத்து டார்ச். செல்லுக்குள் (ரோபோ வேலை செய்யும் அடைப்பு) ஓர் ஊசியை அசையாமல் நட்டு, ரோபோ நன்றாக ஓடும் நாளிலேயே வயர் நுனி ஊசியைத் தொடுகிற மாதிரி ஒரு சின்ன புரோகிராம் எழுதி வையுங்கள். இப்போது அதை ஓட்டுங்கள். நுனி ஊசியில் வந்து நின்றால் டார்ச் மேல் குற்றமில்லை. ஃபிக்ஸ்சரில் பீஸின் இடத்தைத் தீர்மானிக்கும் லொகேட்டர் பின்னைப் பாருங்கள். நுனி ஊசியில் நிற்கவில்லை என்றால் டிசிபியை (டார்ச்சின் நுனி இங்கே இருக்கிறது என்று ரோபோ வைத்திருக்கும் கணக்கு) அளக்க வேண்டும்.

வயர் வெளியே வரும் காண்டாக்ட் டிப்பைப் புதிதாகப் போட்டு, வயரை 15 மி.மீ. விட்டு வெட்டுங்கள். டீச் மோடில் (பென்டன்ட்டால் ஓட்டும்போது) வேகம் நொடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகாது. இருந்தாலும் ஊசி அருகில் இன்னும் மெதுவாகப் போங்கள். ஊசி முனையை நான்கு கோணங்களில் தொட்டுப் பதிவு செய்யுங்கள். இங்கேதான் எல்லோரும் சோம்பல் படுவார்கள். பத்து டிகிரி சாய்த்தால் கணக்கு வரும், ஆனால் தப்பாக வரும். நான் 45 டிகிரிக்குக் குறைவாகத் திருப்புவதில்லை. முடிந்ததும் நுனியை ஊசியில் நிறுத்தி டார்ச்சைச் சுழற்றுங்கள்: நுனி அசையாமல் கை மட்டும் சுற்ற வேண்டும்.

புது டிசிபியைப் பதிந்தால் பாயிண்ட்கள் தாமாகக் கூடவே வரும். ஜாயின்ட் மதிப்பாக (மூட்டுக் கோணங்களாக) சேமித்த பாயிண்ட்கள் மட்டும் வராது. அவற்றைத் தனியாகப் பாருங்கள்.

இதைத் தானாகவும் செய்ய வைக்கலாம். குறுக்கே போகும் இரண்டு ஒளிக்கதிர்களை நுனி வெட்டும்போது, விலகலைக் கணக்கிட்டு ரோபோவே திருத்திக்கொள்ளும். நோசில் கிளீனிங்கோடு சேர்த்துவிட்டால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வரம்பு வையுங்கள். நான் வைத்திருப்பது 2 மி.மீ.; அதற்கு மேல் போனால் நின்று ஆளைக் கூப்பிடும். வரம்பு இல்லாவிட்டால், வளைந்த டார்ச்சோடு சமாளித்துக்கொண்டே ஓடும்.

கடைசியாக ஆர்க் இல்லாமல் 10 சதவீத வேகத்தில் ஒரு சுற்று. அப்புறம் முதல் பீஸை வெட்டி, ஆசிட் தடவி, வெல்டு இரண்டு தகட்டிலும் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.