பந்தயத் தடத்திற்குச் செல்லும் சிவிக்கில் பின்சக்கர டிரெய்லிங் ஆர்ம் புஷ் மாற்றும் முறை

சிங்கப்பூரில் நிரந்தரப் பந்தயத் தடம் இல்லாததால், இங்குள்ள அமெச்சூர் ஓட்டுநர்களில் பலர் கடற்பாலத்தையோ துவாஸ் இரண்டாம் இணைப்பையோ கடந்து மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்திற்குச் செல்கிறார்கள். 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தின் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவிலும் கடுமையாகப் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். பின்சக்கர சஸ்பென்ஷனின் புஷ் (உலோகப் பாகங்கள் இணையும் இடத்தில் இருக்கும் ரப்பர் உருளை) தளர்ந்திருந்தால் அது முதலில் அங்குதான் வெளிப்படும்; மிதியை அழுத்தியதும் காரின் பின்பகுதி இடமும் வலமுமாக நெளியும், ஸ்டியரிங்கைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்க நேரும். 1990களின் ஹோண்டா சிவிக் இஜி, இகே, இன்டெக்ரா டிசி2 ஆகியவற்றில் பின்புற அமைப்பு ஏறத்தாழ ஒன்றே என்பதால், கீழே சொல்லும் முறை இவை அனைத்திற்கும் பொருந்தும்.

இந்தக் கார்களில் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடித்திருப்பது டிரெய்லிங் ஆர்ம். அதன் முன்பகுதியில் உள்ள பெரிய ரப்பர் புஷ், நடுவிலுள்ள உலோகத் தண்டின் இரு முனைகளிலும் போல்ட்டு போட்டுக் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கி இழுக்கப்படும். கிழிந்த ரப்பர் அந்த இழுப்பைத் தாங்காமல் இடம் கொடுக்கும்போது சக்கரம் நோக்கும் திசையும் சற்று மாறிவிடும்.

ரப்பரின் மேற்பரப்பில் தெரியும் மெல்லிய வெடிப்புகளை வைத்து முடிவு செய்ய வேண்டாம், வயதான எந்தப் புஷ்ஷிலும் அவை இருக்கும். நெம்புகோலை ஆர்முக்கும் உடலுக்கும் இடையே செருகி மெதுவாக நெம்பிப் பாருங்கள்: ரப்பர் தண்டை விட்டுப் பிரிந்து இடைவெளி திறந்தாலோ, தண்டு உலோக உறையைத் தொடுமளவுக்குச் சாய்ந்தாலோ, மாற்றும் காலம் வந்துவிட்டது. பத்து ஆண்டுகளைக் கடந்த கார்கள் இங்கே ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்ல வேண்டியிருப்பதால், அதற்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்வது வசதி.

எந்தப் புஷ்ஷை வாங்குவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். பந்தயக் கார் என்றதும் பாலியூரித்தேன் புஷ்ஷைத் தேடுவது வழக்கம். கீழ் ஆர்மிலும், வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் ஆன்டி-ரோல் பாரிலும் அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் டிரெய்லிங் ஆர்ம் மேலும் கீழும் அசைவதோடு நிற்பதில்லை. பக்கவாட்டு ஆர்ம்கள் வெவ்வேறு வளைவுகளில் நகரும்போது அது சற்றே முறுக்கவும் சாயவும் வேண்டியிருக்கிறது. ஒரே அச்சில் மட்டும் சுழல விரும்பும் பாலியூரித்தேன் அந்த முறுக்கை அனுமதிக்காமல் இறுகிக்கொள்ள, சஸ்பென்ஷன் தடைபட்டு, வளைவின் நடுவே பின்சக்கரத்தின் பிடி எதிர்பாராமல் விட்டுப்போகும். எனவே அசல் ரப்பரையோ, அதே வடிவில் கடினப்படுத்தப்பட்ட ரப்பரையோ தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் கருத்து. உருண்டை பேரிங் வகை இயக்கத்தில் துல்லியமானது என்றாலும், அன்றாடச் சாலைத் தூசியில் விரைவில் தேய்ந்து சத்தமிடத் தொடங்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளின் வாகன நிறுத்துமிடத்தில் செய்யக்கூடிய வேலையல்ல இது. லிஃப்டும் ஹைட்ராலிக் பிரஸ்ஸும் உள்ள பட்டறையில் இடம் வாடகைக்குக் கிடைத்தால் நல்லது. சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் விசாரித்துப் பாருங்கள். இல்லையென்றால் ஆர்மை நீங்களே கழற்றி, புஷ்ஷை அழுத்தும் வேலையை மட்டும் பட்டறையிடம் ஒப்படைக்கலாம்.

காரைத் தூக்குவதற்கு முன் செய்ய வேண்டிய மிக முக்கியமான காரியம் ஒன்று உண்டு. கார் சமதளத்தில் நான்கு சக்கரங்களிலும் நிற்கும்போது, பின்சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரையுள்ள உயரத்தை இரு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்; கடைசியில் போல்ட்டுகளை இறுக்கும்போது இந்த அளவு தேவைப்படும். காயில்ஓவரில் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டாம்பர் தொகுதியில்) உயரத்தை மாற்றும் எண்ணமிருந்தால் அதை முதலில் முடித்துவிட்டு, அதன் பிறகே அளவெடுங்கள்.

முந்திய நாளே எல்லா போல்ட்டுகளிலும் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்து வையுங்கள். பனிக்கு உப்பு தூவும் நாடுகளைப் போல இங்கே அடிப்பகுதி அரித்துப்போவதில்லை என்றாலும், கீழ் ஆர்மின் போல்ட்டு புஷ்ஷின் உள் உறையோடு ஒட்டிக்கொள்வது இந்தக் கார்களில் அடிக்கடி நேரும் தொல்லை. அதற்காகத் தீச்சுடரைக் கையில் எடுக்காதீர்கள். எரிபொருள் தொட்டி பின்னிருக்கைக்குக் கீழே அருகிலேயே இருக்கிறது. எல்லை கடக்கும்போது முக்கால் தொட்டி எரிபொருள் கட்டாயம் என்பதால், பந்தய நாளுக்கு முந்திய வாரத்தில் அது பெரும்பாலும் நிறைந்தே இருக்கும்.

காரை ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகக்கூடாது. டிஸ்க் பிரேக் உள்ள கார்களில் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தை) கழற்றி, பிரேக் ஹோஸில் எடை விழாதபடி கம்பியால் கட்டித் தொங்கவிடலாம். டிரம் பிரேக் கார்களில் பெரும்பாலும் பிரேக் குழாயைத் திறக்க வேண்டியிருக்கும். அப்படியானால் புதிய திரவம் ஊற்றிக் காற்றை வெளியேற்றும் வேலையும் சேர்ந்துகொள்ளும். டாட் 4 தர பிரேக் திரவத்தின் கொதிநிலைக்கான குறைந்தபட்ச அளவு, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு 155 டிகிரி. ஆகவே நம் ஊரின் ஈரப்பதத்தில் நெடுநாள் திறந்து கிடந்த புட்டியைப் பயன்படுத்த வேண்டாம். பிறகு ஹேண்ட்பிரேக் கேபிள், கீழ் ஆர்ம், மேல் ஆர்ம், சிறிய காம்பென்சேட்டர் ஆர்ம் ஆகியவற்றை விடுவித்து, இறுதியில் உடலோடு உள்ள இரண்டு போல்ட்டுகளையும் கழற்றினால் டிரெய்லிங் ஆர்ம் கையோடு வந்துவிடும். காம்பென்சேட்டர் ஆர்மின் போல்ட்டு எந்த இடத்தில் இருந்தது என்பதைக் கழற்றும் முன்பே பெயின்ட்டால் குறியிடுங்கள், டோ அளவு (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) அங்கேதான் சரிசெய்யப்படுகிறது.

பழைய புஷ்ஷை வெளியேற்றுவதற்கு முன், அதன் நடுத்தண்டு ஆர்மோடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை ஆர்மின் மீது கோடு போட்டுக் குறியுங்கள். ரப்பர் அடியோடு கிழிந்து தண்டு சுழன்றுபோயிருந்தால் இந்தக் குறியை நம்ப முடியாது. அப்போது சர்வீஸ் கையேட்டில் உள்ள படத்தைப் பின்பற்ற வேண்டும். ரப்பரை எரித்து அகற்றும் குறுக்குவழி நச்சுப்புகையைத் தருவதால் அதைத் தவிருங்கள். பிரஸ் கிடைக்காவிட்டால், ரப்பரைத் துளையிட்டு எடுத்துவிட்டு, உலோக உறையை ரம்பத்தால் உள்ளிருந்து ஒரு கோடாக அறுத்து மடக்கலாம். ரம்பப் பல் ஆர்மின் துளைச்சுவரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய புஷ்ஷைச் சில மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் அது இம்மியளவு சுருங்கி எளிதாக நுழையும். துளையைச் சுத்தம் செய்து சோப்பு நீரைத் தடவுங்கள். பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். அழுத்தம் வெளி உறையின் விளிம்பில் மட்டும் விழும்படி, சரியான அளவுள்ள குழாய்த்துண்டை வைத்துப் பிரஸ்ஸை இயக்குங்கள். புஷ் சாய்ந்து நுழைவதாகத் தோன்றினால் உடனே நிறுத்தி நேராக்க வேண்டும்.

எல்லாவற்றையும் திரும்பப் பொருத்தும்போது போல்ட்டுகளைக் கைப்பிடி அளவுக்கு மட்டும் முடுக்கி வையுங்கள். இந்தப் புஷ்ஷில் ரப்பர் தண்டோடும் உறையோடும் ஒட்டப்பட்டிருப்பதால் எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், கார் தரையில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். அது கூடுதல் ஸ்பிரிங்கைப் போலக் காரின் உயரத்தை மாற்றுவதோடு, சில மாதங்களில் கிழிந்தும் போகலாம். ஆகவே காரைச் சக்கரங்களோடு சாய்தளத்தின் மீதோ தடித்த மரக்கட்டைகளின் மீதோ இறக்கி, முன்பு எழுதிய உயரம் வந்ததை அளந்து உறுதிசெய்த பிறகே, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் கருவியால்) இறுக்குங்கள். பாலியூரித்தேன் போட்ட இடங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்து நான்கு சக்கர அலைன்மென்ட் செய்துகொள்ளுங்கள். பின்சக்கரங்களின் டோ இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று அச்சிட்ட தாளில் பாருங்கள். இறுக்கிய ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் உலோகத்தின் மீது பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வைத்தால், செப்பாங்கில் முதல் சுற்றுகள் முடிந்து பிட்டுக்கு வந்ததும், கோடு உடைந்திருக்கும் போல்ட்டை டார்ச் வெளிச்சத்திலேயே கண்டுபிடித்து மீண்டும் இறுக்கலாம்.