என்.எம்.எம்.எஸ். பாஸான கையோடு டி.சி. வாங்குவதும், நாங்கள் செய்த இன்னும் சில தவறுகளும்

போன வாரம் இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு இளம் ஆசிரியர் கூப்பிட்டார். பணியில் சேர்ந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. "சார், நம்ம பையன் என்.எம்.எம்.எஸ். பாஸ்! அதைவிடப் பெரிய விஷயம், டவுன்ல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல ஃபீஸே இல்லாம எடுத்துக்குறாங்களாம். அவங்க அப்பாவை டி.சி.க்கு எழுதிக் குடுக்கச் சொல்லிட்டேன்" என்றார். என்.எம்.எம்.எஸ். என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிற உதவித்தொகைத் தேர்வு.

எனக்கு வாழ்த்துச் சொல்ல வாய் வரவில்லை. 2018-ல் இதே சந்தோஷத்தோடு நானும் ஒரு பிள்ளைக்கு டி.சி. வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். சனிக்கிழமைகளில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து என்.எம்.எம்.எஸ். பயிற்சி கொடுப்பது பல வருஷப் பழக்கம். கறுப்புப் பேனா எடுத்துப் போக மறப்பது, ஓ.எம்.ஆர். தாளில் கட்டம் மாற்றி நிரப்புவது மாதிரியானவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒரு முறை நடந்தால் பிள்ளைகளே திருந்திக்கொள்வார்கள். பெரியவர்களான நாம் செய்கிற தவறுகள்தான் திருந்துவதில்லை.

முதல் ரேங்க் பிள்ளையை மட்டும் பார்ப்பது

ஆரம்பத்தில் வகுப்பில் முதல் ஐந்து ரேங்க்கை மட்டும் பயிற்சிக்குக் கூப்பிடுவேன். கையெழுத்து அழகாக இருக்கும், சொன்னதைச் செய்வார்கள், நமக்கும் வேலை சுலபம்.

ஒரு நாள் நேரம் போவதற்காகக் கப்ரேக்கர் மாறிலியைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த மனிதர் கண்டுபிடித்தது. நான்கு இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஏதாவது ஒரு நான்கு இலக்க எண். இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையைக் கழிக்க வேண்டும். 3524 என்றால் 5432 - 2345 = 3087. அடுத்து 8730 - 0378 = 8352. அடுத்து 8532 - 2358 = 6174. அதற்குமேல் எத்தனை முறை செய்தாலும் 6174-தான். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கே வந்து நின்றுவிடும்.

ரேங்க் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கணக்குக்குக் காத்திருந்தார்கள். கணக்கில் நாற்பது மார்க்கைத் தாண்டாத ஒருவன், ஜன்னல் ஓரத்துப் பையன், அடுத்த நாள் காலையில் பிரேயருக்கு முன்னால் வந்து நின்றான். "சார், ரெண்டு இலக்கத்துல போட்டா நிக்க மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு." கிழிந்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தான்: 9, 81, 63, 27, 45, மறுபடி 9. "எல்லாமே ஒன்பதாம் வாய்ப்பாட்டுல வருது சார், அது ஏன்?"

இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிக் கழித்தால் அவற்றின் வித்தியாசத்தைப்போல் ஒன்பது மடங்குதான் மிஞ்சும் என்பதை இயற்கணிதம் இல்லாமல் அவனாகவே அந்த வாரக் கடைசிக்குள் பிடித்துவிட்டான். மறு சனிக்கிழமையிலிருந்து பயிற்சிக்கு வர யாருக்கும் தடை இல்லை என்று மாற்றிவிட்டேன்.

டி.சி.

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

என்.எம்.எம்.எஸ். எட்டாம் வகுப்பில் எழுதுவது. மனத்திறனில் 90 கேள்வி, பாடத்தில் 90 கேள்வி. குடும்ப வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு வருஷத்துக்கு 48,000. அரசுப் பள்ளி, உள்ளாட்சிப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகியவற்றில் படிக்கிற வரைக்கும்தான் இந்தப் பணம். தனியார் பள்ளிக்குப் போனால் நின்றுவிடும்.

தேர்வு முடிவு வெளியானதுமே அந்தப் பட்டியல் நமக்கு மட்டும் கிடைப்பதில்லை, டவுன் பள்ளிகளுக்கும் போய்விடுகிறது. இரண்டு வாரத்தில் வேன் வரும். தாளாளரே நேரில் வருவார். "ஃபீஸ் வேண்டாம், யூனிஃபார்ம் நாங்களே, வேன்கூட ஃப்ரீ." அப்பாவும் அம்மாவும் அடுத்த நொடி நம் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த நொடியில் நாம் சொல்வதைத்தான் கேட்பார்கள்.

2018-ல் அந்தப் பிள்ளையின் அம்மா என் முகத்தைப் பார்த்தபோது, "தாராளமா போகட்டும்மா, நல்ல வாய்ப்பு" என்றேன். எங்கள் பள்ளியில் அப்போது அறிவியல் ஆசிரியர் இடம் காலி. என் குற்ற உணர்வும் அந்த வார்த்தையில் கலந்திருந்தது. தலைமையாசிரியர் ஒரு நாள் பொறுக்கலாம் என்றார். நான்தான் பக்கத்தில் நின்று அன்றைக்கே வாங்கிக் கொடுத்தேன்.

உதவித்தொகை நின்றது. சரி, ஃபீஸ் இல்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம். தமிழ் வழியிலிருந்து ஒரே நாளில் ஆங்கில வழி. ஒன்பதாம் வகுப்பு முழுக்க அவள் வாயே திறக்கவில்லை என்று அம்மா சொன்னார். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளி வாசலில் பிளக்ஸ் வைத்தார்கள், அதில் இவள் படமும் இருந்தது. பிளஸ் ஒன் சேரப் போனால், "பாதி ஃபீஸ் கட்டிடுங்க, நீட் கோச்சிங்குக்குத் தனி" என்றார்கள். எழுத்தில் எதுவும் வாங்கி வைக்கவில்லையே, யாரிடம் போய்க் கேட்பது?

அவள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த 2020 அக்டோபரில்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட்டில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் தனி ஒதுக்கீடு. ஆறு, ஏழு, எட்டு மூன்றும் எங்களிடம்தான் படித்தாள். ஆனால் ஒன்பதும் பத்தும் தனியாரில். பிளஸ் டூவுக்குத் திரும்பி வந்தாலும் பிரயோஜனம் இல்லை, நடுவில் விட்ட வருஷங்கள் விட்டவைதான். 2022-ல் நீட் எழுதினாள். அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த பக்கத்து ஊர் அரசுப் பள்ளிப் பையன் ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தான். அவள் பி.எஸ்ஸி. கணிதம் முடித்து இப்போது பி.எட். படிக்கிறாள். நல்ல படிப்புதான், நானும் அதைப் படித்துவந்தவன்தான். ஆனால் அவள் ஆசைப்பட்டது அது இல்லை.

2018-ல் அந்தச் சட்டம் இல்லை, அதனால் எனக்கு ஒரு சாக்கு உண்டு. இன்றைக்கு டி.சி. வாங்கிக் கொடுக்கிற ஆசிரியருக்கு அதுவும் கிடையாது. இப்போது ஒரு டி.சி.யோடு என்னென்ன போகிறது என்று பாருங்கள். மருத்துவத்தில் 7.5. 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளிலும் அதே 7.5, அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கல்லூரி போனால் பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் நடக்கிற முதலமைச்சரின் திறனாய்வுத் தேர்வு. அதில் 500 மாணவர், 500 மாணவியர் தேர்வாகி, இளநிலைப் பட்டம் முடிக்கும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் பெறுவார்கள். இதோடு ஆங்கில வழிக்கு மாறினால், அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமையும் போச்சு. ஒரு யூனிஃபார்முக்கும் வேனுக்கும் இத்தனையையும் விடுகிறோம்.

இன்னொரு குழப்பம், பழைய ஆசிரியர்களே மாட்டிக்கொள்வது. என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைக்கு அரசு உதவி பெறும் பள்ளியும் சரி. மருத்துவ 7.5-க்கு அது சரி வராது. "அதுவும் கவர்ன்மெண்ட் மாதிரிதானே" என்று உதவி பெறும் பள்ளிக்கு மாற்றிவிட்டு, நான்கு வருஷம் கழித்துக் கலந்தாய்வில் தெரிந்துகொண்ட குடும்பங்கள் உண்டு. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில் வரும், பயமில்லை.

அப்படியானால் பிள்ளையை மாற்றவே கூடாதா? நம் பள்ளியில் ஆசிரியர் இல்லை, பத்தாவதோடு முடிகிறது என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். இன்னொரு அரசுப் பள்ளிக்கு மாற்றுங்கள். மாவட்ட மாதிரிப் பள்ளியில் இடம் கிடைக்குமா என்று கேளுங்கள். பக்கத்து ஊர் மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் குரூப் இருக்கிறதா, இயற்பியலுக்கு ஆள் இருக்கிறாரா என்று நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்கள். எல்லாம் தெரிந்தும் தனியார்தான் வேண்டும் என்று பெற்றோர் சொன்னால் அது அவர்கள் உரிமை. ஆனால் எதையெல்லாம் விடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து டி.சி.க்கு வரச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரத்தை நான் கொடுக்கவில்லை.

வருமானச் சான்றிதழைக் கடைசி வாரத்தில் கேட்பது

அந்த வாரம் இ-சேவை மையத்தில் சர்வர் வேலை செய்யாது. எந்த வருஷமும் செய்ததில்லை.

பாஸானதும் பணம் தானாக வரும் என்று நினைப்பது

வராது. தேர்வான பிள்ளை தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிய வேண்டும். அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதார் இணைப்போடு இருக்க வேண்டும். ஆதாரில் ஒரு இனிஷியல், பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்றால் அங்கேயே நின்றுவிடும். பதினொன்றாம் வகுப்பிலும் தொடர, பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55. ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளை இப்போது யார் பொறுப்பு என்பதில்தான் குளறுபடி. எட்டாம் வகுப்பு ஆசிரியர் தன் வேலை முடிந்தது என்பார், ஒன்பதாம் வகுப்பு ஆசிரியருக்கு விஷயமே தெரியாது. நான் என் போனில் ஆகஸ்டிலிருந்து வாரா வாரம் அலாரம் வைத்திருக்கிறேன். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள், பரவாயில்லை.

மெடல் விற்கும் ஒலிம்பியாட்கள்

பள்ளிக்கே வந்து படிவம் கொடுத்துப் பணம் வாங்கி, எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மெடல் தரும் போட்டிகளை ஒலிம்பியாட் என்று நினைத்து, கூலி வேலைக்குப் போகும் அப்பாவிடம் பணம் கேட்காதீர்கள். நாட்டின் சார்பில் ஆள் அனுப்புகிற கணித ஒலிம்பியாடுக்கு வழி வேறு. ஐ.ஓ.க்யூ.எம். என்ற முதல் கட்டத் தேர்வு. மூன்று மணி நேரத்தில் முப்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் விடை 00 முதல் 99 வரைக்குள் ஒரு எண். அடுத்து ஆர்.எம்.ஓ. என்ற மண்டலத் தேர்வு, அதன்பின் ஐ.என்.எம்.ஓ. என்ற தேசியத் தேர்வு. மேல்கட்டங்களை மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் பார்த்துக்கொள்கிறது. முதல் கட்டமே கடினம்தான். பழைய வினாத்தாளில் மாதம் இரண்டு கேள்வியோடு ஒரு பிள்ளை மல்லுக்கட்டினாலே போதும், தேர்வு எழுதாவிட்டாலும் சரி. சென்னையில் 1965 முதல் இயங்கும் இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறன் போட்டி இன்னும் எட்டிப் பிடிக்கக் கூடியது. ஏழு, எட்டாம் வகுப்புப் பிரிவுக்கு அவர்கள் வைத்திருப்பதும் கப்ரேக்கர் பெயர்தான்.

டபுள் புரமோஷன்

வேண்டாம். நீட் எழுத 17 வயது ஆக வேண்டும். சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டில் என்ன செய்வது?

எட்டாம் வகுப்பில் தவறியவர்களைக் கைவிடுவது

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு இருக்கிறது. ட்ரஸ்ட் எக்ஸாம் என்போம். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டுக்கு 1,000 ரூபாய்தான், இந்தக் காலத்தில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினால் தீர்ந்துவிடும். ஆனாலும் ஒரு முறை தோற்ற பிள்ளைக்குப் பட்டியலில் தன் பெயரைப் பார்ப்பது வேறு விஷயம். பதினொன்றில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு, 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு வருஷம். அந்த ஜன்னல் ஓரத்துப் பையன் என்.எம்.எம்.எஸ்.ஸில் இரண்டு மார்க்கில் தவறி, அடுத்த வருஷம் ட்ரஸ்ட்டில் தேர்வானான்.

அம்மாவிடம் பேசாமல் விடுவது

கையெழுத்துக்கு அப்பாவைத்தான் கூப்பிடுகிறோம். காகிதங்களைப் பத்திரப்படுத்துவது பெரும்பாலும் அம்மாதான். ஒரு அம்மா நூறு நாள் வேலையிலிருந்து நேராக வந்தார். வீட்டில் அரிசி டிரம்முக்குள் வைத்திருக்கும் பாலித்தீன் பையை அப்படியே கொண்டுவந்து மேசையில் கொட்டினார். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பாஸ்புக், போலியோ சொட்டு மருந்து அட்டை முதற்கொண்டு எல்லாம் இருந்தது. இல்லாதது ஒன்றுதான், ஆறாம் வகுப்பு படித்த பழைய பள்ளியின் படிப்புச் சான்று. 7.5-க்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் அது வேண்டும். பழைய தலைமையாசிரியர் ஓய்வு பெறுவதற்கு முன்பே போய் வாங்கி வைத்துவிடுங்கள் என்று சொன்னேன். மறுநாளே போய்விட்டார்.