பூட்டிய கட்டுரை திறந்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தபடியே, செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா பூஞ்சை பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கட்டுரைக்கு ஓர் ஆய்விதழ் கேட்ட விலை, தோட்டத்தில் அப்பாவின் இரண்டு நாள் கூலியைத் தாண்டியது. படிக்கவா, சட்டம் போட்டு மாட்டவா?

கூகுள் ஸ்காலரில் தலைப்பைத் தேடி, கீழே இருந்த எல்லாப் பதிப்புகளையும் திறந்து பார்த்தேன். ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில், இதழ் ஏற்றுக்கொண்ட கைப்பிரதி இலவசமாகவே கிடந்தது! இது திருட்டு அல்ல. பல இதழ்களே அனுமதிக்கும் வழி.

பிறகு மற்ற கட்டுரைகளுக்காக உலாவியில் அன்பேவால் (Unpaywall) நீட்சியை நிறுவினேன். சட்டபூர்வமான இலவசப் பிரதி இருந்தால் பச்சை நிறத்தில் திறந்த பூட்டு தெரியும். அதுவும் கைவிட்டபோது ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதினேன், மறுநாளே அனுப்பிவிட்டார். இதழில் வெளிவருமுன் பகிரப்படும் உயிரியல் கட்டுரைகளுக்காக 2013 முதல் இயங்கும் பயோஆர்க்கைவ் (bioRxiv) தளத்தில் கிடைத்த முன்பதிப்பை மட்டும், சக ஆய்வாளர் மதிப்பீடு முடியாதது என்று குறிப்பிட்டே மேற்கோள் காட்டினேன்.