பேச்சுத்துணையாகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பார்வை இழந்த ஒருவருக்கு, அதே பாதையில் முன்பே நடந்துவந்த இன்னொருவர் வாராவாரம் போன் செய்து பேசுவதும், முடிந்தால் நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வருவதும் பெரிய தெம்பு. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கள் வடசென்னைப் பக்கத்தில் இப்படிப் போகிறவர்களுக்கு மனசு நிறைய அன்பு இருக்கிறது. அந்த அன்போடு செய்கிற சில தவறுகளே எதிரில் இருப்பவரின் வாயை அடைத்துவிடுகின்றன.

அதில் முதன்மையானது, “எனக்கும் இப்படித்தாம்பா இருந்துச்சு” என்று தொடங்குவது. பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியில் சின்ன வயசிலேயே விரலால் தொட்டுப் படிக்கும் பிரெய்ல் படித்து வளர்ந்தவரும், 50 வயதில் சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டுப்போன லேத் பட்டறைக்காரரும் ஒன்றல்ல. இரண்டாமவருக்குப் பார்வையோடு சேர்ந்து தொழிலும் போய்விட்டது. கிளாக்கோமா என்ற கண் நோய் வந்தவர் கதை வேறு. பக்கவாட்டுப் பார்வை போயிருக்கும். நேரே இருக்கும் பேப்பரைப் படிப்பார், வாசற்படியில் தடுக்கி விழுவார். வீட்டிலேயே அவரை “நடிக்கிறார்” என்பார்கள். நாமும் போய் “உங்களுக்குத்தான் கொஞ்சம் தெரியுதே” என்றால் அவர் யாரிடம்தான் போவார்? உங்கள் கதையை அவர் கேட்டால் சொல்லுங்கள். அதுவரை அவர் பேசட்டும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. பார்வை குறைந்த சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும்: சுவர் முழுக்கக் கோலம், கட்டில் ஓரத்தில் சின்னப் பிள்ளைகள், முன்பின் தெரியாத முகங்கள். சத்தம் எதுவும் கேட்காது. 1760இல் சுவிட்சர்லாந்துக்காரரான சார்லஸ் போனே தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை எழுதிவைத்தார். இன்று போனேயின் பெயராலேயே மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளை தானாகவே படம் காட்டுகிறது, அவ்வளவுதான். பைத்தியம் என்பார்களோ, மந்திரிக்கக் கூட்டிப்போவார்களோ என்று பயந்து பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. யாராவது தயங்கித் தயங்கி இதை எடுத்தால் சிரிக்காதீர்கள், பேச்சை மாற்றாதீர்கள். “இது நிறையப் பேருக்கு வரும், கண் டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். குரலும் கேட்கிறது என்றாலோ, அந்த உருவங்கள் நிஜம் என்று நம்பினாலோ டாக்டரைத் தள்ளிப்போடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

வைத்தியம் சொல்வது நம் வேலை இல்லை. கிளாக்கோமா சொட்டு மருந்து போன பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றத்தான். “போட்டும் ஒண்ணும் தெரியலையே” என்று நிறுத்தியவரிடம் நாம் ஒரு நாட்டு வைத்தியர் பெயரைச் சொன்னால், மிச்சமும் போகலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்.

நேரம் பார்க்காமல் போன் செய்வதும் தவறுதான். காசிமேட்டு மீன் ஏலத்துக்கு விடியுமுன் எழுந்து பழகிய மனிதர் மதியம் தூங்குவார். அப்புறம், அவர் பக்கத்திலேயே இருக்க, “அவர் சாப்பிட்டாரா?” என்று மனைவியிடம் கேட்காதீர்கள். கண்தானே போயிருக்கிறது, அவரிடமே கேளுங்கள்.

கற்றுக்கொடுக்கும் அவசரமும் வேண்டாம். 500 ரூபாய் நோட்டின் இரு ஓரத்திலும் ஐந்து சாய்கோடுகள் மேடாக இருக்கும், 100 ரூபாயில் நான்கு. நோட்டைப் பிடுங்கி அவர் விரலை அழுத்தித் தேய்க்காமல் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். தேய்ந்த நோட்டு வேண்டாம், புதுசாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். கோடு அவருக்குத் தானாகவே தட்டுப்படும்.

ஒருவேளை உங்களால் தொடர முடியாமல் போனால், சத்தமில்லாமல் நின்றுவிடாதீர்கள். போன் வராத வாரத்தில் “நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனோ” என்றுதான் அவர் யோசிப்பார். முன்கூட்டியே காரணத்தைச் சொல்லி, அடுத்துப் பேசப்போகிறவரையும் ஒரு தடவை லைனில் சேர்த்து அறிமுகப்படுத்திவிட்டு விலகுங்கள்.