தொழிற்பயிற்சியா, பட்டப்படிப்பா: சேர்க்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

‘படிப்பு ஏறவில்லையா, ஏதாவது தொழிலில் சேர்த்துவிடு’ என்ற பேச்சிலிருந்து தொடங்கினால் முடிவு கோணலாகத்தான் வரும். கணக்கு வராது என்று தொழிலுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை அங்கேயும் கணக்கில்தான் முட்டிக்கொள்ளும். நல்ல கை உள்ள இன்னொரு பிள்ளை, மதிப்பெண் அதிகம் வாங்கிவிட்ட ஒரே காரணத்தால் பிடிக்காத பட்டப்படிப்பில் போய் உட்காரும். சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே கீழே உள்ளவற்றைச் செய்துவிட்டால், உறவினர்களின் அபிப்பிராயத்தைவிட உறுதியான ஆதாரம் கையில் இருக்கும்.

மதிப்பெண் ஏன் குறைந்தது?

மனப்பாடம் பிடிக்காமல் குறைந்ததா, கணக்கு புரியாமல் குறைந்ததா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். முதல் வகைப் பிள்ளை தொழிலில் நன்றாக வரலாம். இரண்டாம் வகைக்கு முதலில் பின்னமும் கோணமும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன் ஒரு தடையைத் தாண்டிக் குழாயை 150 மி.மீ. தள்ளிக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30 பாகையில் வளைத்தால் இரண்டு வளைவுகளுக்கும் இடையே 150-இன் இரு மடங்கு, 300 மி.மீ. குறிக்க வேண்டும். 45 பாகை என்றால் 150-ஐ 1.414-ஆல் பெருக்கி, சுமார் 212 மி.மீ. லேத்தில், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தில், 100 மி.மீ. நீளத்துக்குள் விட்டத்தை 40 மி.மீ.யிலிருந்து 30 மி.மீ.க்குச் சரிவாகக் குறைக்க வேண்டுமானால், வித்தியாசமான 10-ஐ நீளத்தின் இரு மடங்கான 200-ஆல் வகுக்க வேண்டும். வரும் 0.05 என்பது கோணத்தின் டான் (tan) மதிப்பு, அதற்கான கோணம் சுமார் 2.86 பாகை. பள்ளியில் ‘இது எதற்கு உதவும்’ என்று கேட்ட அதே முக்கோணவியல்தான். இந்த இரண்டு கணக்குகளையும் படம் வரைந்து காட்டி, நேரம் குறிக்காமல் போடச் சொல்லுங்கள். தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை, எங்கே தப்பு என்று தேடுகிறதா என்பதே முக்கியம்.

கை எப்படி என்று பார்ப்பது

தெரிந்த பட்டறை ஒன்றில் அனுமதி கேட்டு, மேற்பார்வையோடு மூன்று நாள், தினம் இரண்டு மணி நேரம் கேளுங்கள். ஒரு நாள் போதாது. முதல் நாள் எல்லாப் பிள்ளைக்குமே விளையாட்டாகத்தான் இருக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் மூடிய காலணியும் கட்டாயம்.

கொடுக்க வேண்டிய வேலை இதுதான்: 50 மி.மீ. சதுரம், 6 மி.மீ. கனமுள்ள இரும்புத் துண்டு ஒன்று. வைஸ் என்ற இறுக்கிப் பிடிக்கும் கருவியில் பொருத்தி, ஒரு விளிம்பை அரத்தால் தட்டையாக்க வேண்டும், பிறகு அடுத்த விளிம்பை அதற்குச் செங்குத்தாக்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இடுக்கு தெரிந்துவிடும்.

புதிதாக அரம் பிடிக்கிறவர் கையில் விளிம்பின் இரு ஓரமும் தேய்ந்து நடு மேடாக நிற்கும். அரத்தைத் தள்ளத் தள்ள அழுத்தம் முன்கையிலிருந்து பின்கைக்கு மாற வேண்டும், அது மாறாதபோது அரம் ஊஞ்சலாடும். முதல் நாள் மேடு விழுவது இயல்பு. அதைக் குறையாக எண்ண வேண்டாம். மூன்றாம் நாள், யாரும் சொல்லாமலே மூலைமட்டத்தை எடுத்துப் பார்த்து, திரும்பிப் போய்த் தேய்க்கிறதா என்று கவனியுங்கள். ‘போதும், சரியாத்தான் இருக்கு’ என்று துண்டை நீட்டுகிற பிள்ளைக்கு அளவு வேலை இப்போதைக்கு ஒத்துவராது. அதே பிள்ளை ஆட்களோடு பேசிப் பழுது கண்டுபிடிக்கிற வேலையில் சோபிக்கலாம், அதையும் தனியாகச் சோதியுங்கள்.

மின்வேலைக்கு ஒரு சோதனை கூடுதலாக உண்டு: நிறக்குருடு. கண் மருத்துவரிடம் போய், நிறப்புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா பட அட்டைகளை வாசிக்கச் சொன்னால் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். பயிற்சி எல்லாம் முடித்து, வேலைக்கான உடல் தகுதிச் சோதனையில் இது தெரிய வந்தால் போன காலம் திரும்பாது.

பயிற்சிக்கூடத்தை எங்கிருந்து பார்ப்பது

வரவேற்பு அறையில் மாட்டியிருக்கும் புகைப்படங்களைப் பார்க்காதீர்கள். வகுப்பு நடக்கிற நேரத்தில் போய்ப் பட்டறையின் கழிவுத் தொட்டியைப் பாருங்கள். வெல்டிங் சொல்லித் தருகிற இடத்தில் எரிந்து தீர்ந்த ராடு முனைகளும் அறுத்துப் பார்த்த துண்டுகளும் குவிந்திருக்க வேண்டும். லேத் தொட்டியில் கடைந்த இரும்புச் சுருள் இல்லாமல், வேலைத்துண்டைப் பிடிக்கும் சக்கின் மேல் தூசி படிந்திருந்தால், அங்கே பாடம் கரும்பலகையில்தான் நடக்கிறது. பொருள் செலவை மிச்சம் பிடிக்கிற கூடங்களில் முதலில் குறைவது இந்தக் குவியல்தான்.

பிறகு கேட்க வேண்டியவை: ஒரு இயந்திரத்துக்கு எத்தனை பேர், ஒரு மாணவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் அதைத் தொடுகிறார், போன அணி செய்த வேலைத்துண்டுகளைக் காட்ட முடியுமா. கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் அடுத்த இடத்தைப் பாருங்கள்.

வெல்டிங்கில் எந்த நிலை வரை பயிற்சி என்று கேளுங்கள். மேசையில் கிடத்திப் போடும் வெல்டோடு நிறுத்திவிடும் இடங்கள் உண்டு. 45 பாகை சாய்வில் அசையாமல் நிற்கும் குழாயைச் சுற்றிப் போடுவது 6ஜி நிலை. குழாய் வேலைக்குத் தேர்வு வைப்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். ‘வாழ்நாள் சான்றிதழ்’ என்று விளம்பரம் செய்தால் எச்சரிக்கையாக இருங்கள். ஐஎஸ்ஓ 9606-1 தரத்தின்படி பெற்ற வெல்டர் தகுதியை, அவர் தொடர்ந்து அந்த வேலையில் இருக்கிறார் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை உறுதிப்படுத்த வேண்டும். கை நின்றால் காகிதமும் நின்றுவிடும்.

மேலே போக ஏணி உண்டா?

தொழில் மீதான இளக்காரத்துக்கு அகம்பாவம் ஒன்றே காரணம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே போனவர் அங்கேயே நின்றுவிடுவார் என்ற பயமும் அதில் இருக்கிறது, பல இடங்களில் அது நியாயமான பயம்தான். ஜெர்மனியில் தொழில் பயில்வோர் வாரத்தில் மூன்று நான்கு நாள் நிறுவனத்திலும் மீதி நாள் தொழிற்பள்ளியிலுமாக, ஊதியத்தோடு, பெரும்பாலும் 2 முதல் 3½ ஆண்டு கற்கிறார்கள். அங்கே ‘மைஸ்டர்’ என்ற தலைமைக் கைவினைஞர் தகுதி, நாட்டின் தகுதிச் சட்டகத்தில் இளநிலைப் பட்டம் இருக்கிற அதே ஆறாம் படியில் வைக்கப்பட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடித்த இளையோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் தொழிற்கல்விக்குப் போகிறார்கள். உபதேசம் செய்து இந்த மதிப்பு வரவில்லை. அடுத்த படி கண்ணுக்குத் தெரிவதால் வந்தது.

ஆகவே சேரும் முன்பே கேளுங்கள்: இந்தச் சான்றிதழோடு எந்த டிப்ளமோவில், எந்த ஆண்டில் சேரலாம்? அதற்குப் பிறகு பட்டம் உண்டா? பதிலை விதியின் நகலோடு எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பினால் மூன்று ஆண்டு கழித்து முதல் படியிலிருந்து மறுபடி தொடங்க நேரும்.

உறவினர்களின் கேள்விகள்

‘உடம்பு தேய்ந்துவிடும்’ என்பவரைப் பழைய ஆள் என்று தள்ளாதீர்கள், அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. கல்லை உலர்வாக அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசியும் அதே பிரிவு. எட்டு மணி நேர வேலையில் சராசரி ஒலி 85 டெசிபலைத் தொட்டாலே காதுக்குப் பாதுகாப்பு தேவை. அதனால் பயிற்சிக்கூடத்தில் புகை உறிஞ்சி ஓடுகிறதா, கல் அறுக்கும்போது தண்ணீர் விடுகிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து பதில் சொல்லுங்கள். நாற்பத்தைந்து வயதில் முழங்கால் ஒத்துழைக்காதபோது ஆய்வு, மதிப்பீடு, ஒப்பந்தம், பயிற்றுவித்தல் ஆகியவற்றில் எதற்கு மாறலாம் என்பதையும் இப்போதே பேசிவையுங்கள்.

‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதற்குச் சோதனை எதுவும் கிடையாது. ஆனால் அந்த நாலு பேரும் பெரும்பாலும் நீங்கள் சொல்வதைத்தான் திருப்பிச் சொல்வார்கள். ‘சும்மா ஏதோ கோர்ஸ் பண்றான்’ என்று நீங்களே குரலைத் தாழ்த்தினால் கேட்பவரும் தாழ்த்துவார், அருகில் நிற்கும் பிள்ளையும் கேட்கும். ‘குளிர்சாதனப் பழுதுபார்ப்பு, இரண்டு ஆண்டு’ என்று பெயரும் காலமும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கமும் சாய வேண்டாம். பட்டம் வெறும் காகிதம் என்று இப்போது சிலர் பேசுவதும் பிழைதான். மருத்துவம் போன்ற துறைகளில் பட்டமின்றி வாசலே திறக்காது. செய்வதைவிட ‘இதை ஏன் இப்படி வடிவமைத்தார்கள்’ என்று கேட்கிற பிள்ளைக்குப் பொறியியல் படிப்பு பொருந்தலாம். ஒப்பிடும்போது இரண்டு வழியையும் ஒரே வயதில் நிறுத்திப் பாருங்கள்: 22 வயதில் கையில் எத்தனை ஆண்டு அனுபவம், எவ்வளவு கடன், எந்த உரிமம்.

சேர்ந்த பிறகு

முதல் ஆறு வாரம் தோளும் உள்ளங்கையும் வலிக்கும், ‘வேண்டாம்’ என்ற பேச்சும் வரும். அப்போது முடிவெடுக்காதீர்கள். மூன்றாம் மாத முடிவில் உட்கார்ந்து கேளுங்கள். வலியும் களைப்பும் அதற்குள் பெரிதும் தணிந்திருக்கும். ஓடும் இயந்திரத்தின் அருகில் போகவே பயம் இன்னும் இருந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது, பயந்த கைதான் தவறான நேரத்தில் இழுக்கும். பிரிவு மாற்ற அனுமதி உண்டா, எந்தத் தேதி வரை என்று சேரும் நாளிலேயே கேட்டு, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.