ஆர்க்டிக் வட்டப் பாதை: கரடிக்குப் பயந்து கேஸை மறக்காதீர்கள்

மேற்குக் கிரீன்லாந்தில், கங்கெர்லுசுவாக் என்ற சிற்றூரிலிருந்து கடலோர நகரமான சிசிமியுட் வரை ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. நீளம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். இடையில் ஊர் இல்லை, கடை இல்லை, செல்போனுக்கு சிக்னலும் இல்லை. முழுக்க ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இருப்பதால் ஆர்க்டிக் வட்டப் பாதை என்று பெயர். போகத் திட்டமிடுகிறவர்கள் முதலில் கேட்பது பனிக்கரடியைப் பற்றித்தான். அந்தப் பக்கம் பனிக்கரடி தென்படுவதே அபூர்வம். பாறையில் தொற்றி ஏற வேண்டியதில்லை, பனியாற்றைக் கடக்க வேண்டியதில்லை, பாதையின் மிக உயரமான இடம்கூட 500 மீட்டரைத் தாண்டாது. இங்கே ஆளைப் படுத்துவது முதுகுச் சுமை, ஈரக்கால், கொசு, தப்பாகப் போட்ட நாள் கணக்கு. பார்ப்பதற்குச் சாதாரணமான விஷயங்கள் என்பதால் இவற்றுக்கு யாரும் சரியாகத் தயாராவதில்லை.

முதலில் சுமை. வழக்கமாக இந்தத் தூரத்தை ஏழு முதல் பத்து நாட்களில் நடக்கிறார்கள். அத்தனை நாள் சாப்பாட்டையும் முதல் நாளே தூக்கியாக வேண்டும். "எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதல் பேன்ட், கனமான கேமரா லென்ஸ், இரண்டு புத்தகம் என்று சேர்த்துக்கொண்டே போனால் பை 25 கிலோவைத் தொட்டுவிடும். சதுப்பிலும் கல்லிலும் அந்த எடையோடு நடந்தால் மூன்றாம் நாள் முழங்கால் பேச ஆரம்பிக்கும். சாப்பாட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். ஓரிரு நாளுக்கு உபரியாகவே இருக்கட்டும். குறைக்க வேண்டியது துணியிலும் சாமானிலும்தான். அரிசி எடுத்துப்போவது நம் ஆட்கள் செய்கிற தனித் தவறு. வேக நேரமாகும், கேஸைத் தின்னும். அவல், வறுத்த ரவை, கொதிநீர் ஊற்றினால் தயாராகும் உலர் உணவு இவையெல்லாம் அங்கே எவ்வளவோ மேல்.

கேஸ் என்றதும் அடுத்தது. அடுப்புக்கான கேஸ் டப்பாவை விமானத்தில், எந்தப் பெட்டியில் வைத்தாலும், கொண்டுபோக முடியாது. கங்கெர்லுசுவாக்கில் இறங்கித்தான் வாங்க வேண்டும். சுமார் ஐந்நூறு பேர் வாழும் ஊர் அது. ஒரே விமானத்தில் இருபது பேர் நடக்க வந்து இறங்கினால் கடையில் டப்பா தீர்ந்துபோகவும் கூடும். உங்கள் அடுப்புக்குப் பொருந்தும் வகை இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே விசாரித்து வையுங்கள். பல வகை எரிபொருளில் எரியும் அடுப்பு இருந்தால் இன்னும் நிம்மதி.

கேஸ் இல்லாவிட்டால் சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டலாம் என்று நினைத்தால், அது பாதையில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். மரமே இல்லாத நிலம்தானே, என்ன பற்றப் போகிறது என்று தோன்றும். தரைக்கு அடியில் இருப்பது பல நூற்றாண்டுகளாகச் செடிகள் முழுதும் மக்காமல் சேர்ந்த கரிமண். கோடையில் காய்ந்துவிட்டால் மேலே சுவாலையே தெரியாமல் உள்ளுக்குள் புகைந்துகொண்டு பரவும். 2019 ஜூலையில் சிசிமியுட்டுக்குக் கிழக்கே இந்தப் பாதையோரமே தீப்பிடித்தது. குளிர்காலத்திலும் மண்ணுக்குள் கனன்றுகொண்டே இருந்துவிடுமோ என்ற பயத்தில், அணைப்பதற்கு டென்மார்க்கிலிருந்து தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். அடுப்பைக்கூடக் கல் மேலோ மணல் மேலோ வைத்துத்தான் பற்றவைக்க வேண்டும்.

வழியில் குடில்கள் உண்டு. கட்டணம் இல்லை, முன்பதிவு இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. இதைக் கேட்டதும் டென்ட்டை வீட்டிலேயே வைத்துவிடலாம் என்று சிலர் முடிவு செய்கிறார்கள். சில குடில்களில் ஆறு பேர் படுத்தாலே நெருக்கம். ஆகஸ்டில் மாலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் கதவைத் திறக்கும்போதே ஈரச் சாக்ஸ் வாடையும் பத்துப் பேரும் இருக்கலாம். டென்ட் கட்டாயம் வேண்டும். அமித்சோர்சுவாக் என்ற நீண்ட ஏரியில் யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டும் சிறு படகுகளும் இப்படித்தான். கிடைத்தால் ஒரு நாள் நடை மிச்சம். ஆனால் படகு எதிர்க்கரையில் கிடக்கும், அல்லது துடுப்பு இருக்காது, அல்லது ஓட்டை இருக்கும். படகை நம்பி நாள் கணக்குப் போடாதீர்கள்.

தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஏரிக்கு ஏரி குடிக்கலாம் என்பது பாதி உண்மை. கங்கெர்லுசுவாக் பக்கம் மழை மிகக் குறைவு. அங்குள்ள சில ஏரிகளில் வெளியேறும் வாய்க்கால் இல்லாததால் நீர் ஆவியாகி ஆவியாகி உப்பு தங்கிவிட்டது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே உப்பு ஏரி இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்! அதனால் புறப்படும்போதே பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். அப்புறம் ஓடும் நீராகப் பார்த்துப் பிடித்தால் போதும்.

ஆறு கடப்பதில்தான் உண்மையான ஆபத்து. பாதையின் நடுப்பகுதியில் இட்டின்னெக் பள்ளத்தாக்கில் ஓர் ஆறு குறுக்கே வருகிறது. ஆகஸ்ட் கடைசியில் முழங்காலுக்குக் கீழே ஓடுகிற அதே ஆறு, பனி உருகும் ஜூனிலும் பெருமழைக்குப் பிறகும் இடுப்பளவு வரலாம். பாதையை விட்டுச் சற்றுத் தள்ளி ஒரு பாலம் இருக்கிறது. சுற்றுவழி என்று அலுத்துக்கொண்டு நேரே இறங்குகிறவர்கள் நிறைய. நீர் முழங்காலைத் தாண்டினால் பாலத்துக்கே போய்விடுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். செருப்பில்லாமல் இறங்காதீர்கள். அந்தக் குளிர்ந்த நீரில் பாதம் ஒரு நிமிடத்தில் மரத்துவிடும், எந்தக் கல்லில் கால் வைக்கிறோம் என்பதே தெரியாது. ஆற்றைத் தாண்டியும் ஈரம் விடாது, ஏனென்றால் சதுப்பு பல கிலோமீட்டர் நீள்கிறது. படுக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ள ஒரு ஜோடி கம்பளி சாக்ஸை நெகிழிப் பையில் கட்டிப் பத்திரப்படுத்துங்கள். பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் காயாது, உடல் சூட்டையும் இழுத்துவிடும்.

வழி தெரிவது சுலபம் என்று பேர். கல் குவியல்களில் சிவப்பு அரைவட்டம் வரைந்திருப்பார்கள். மூடுபனியில் அடுத்த குவியல் தெரியாது. அதோடு கலைமான் தடங்களும், நகராட்சி போட்ட வண்டித் தடமும் பாதையைப் போலவே தோற்றம் காட்டும். போனில் வரைபடம் இருந்தாலும் காகிதப் படமும் காந்த ஊசியும் தேவை. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே ஊசி உண்மையான வடக்கிலிருந்து மேற்கே இருபது டிகிரிக்கு மேல் விலகிக் காட்டும். நம் ஊரில் இந்த விலகல் மிகச் சிறியது என்பதால் திருத்திப் பார்க்கும் பழக்கமே நமக்கு இல்லை. உதவிக்கு அழைக்க செயற்கைக்கோள் கருவி ஒன்று வேண்டும். என்றைக்குள் வந்துசேராவிட்டால் தேட வேண்டும் என்பதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை கொசுக்கள் மேகம் மாதிரி வரும். தலையை மூடும் வலை இல்லாமல் போகிறவர்கள் சாப்பிடவே வாயைத் திறக்க முடியாது. ஜூலை நடுப்பகுதி வரை சூரியனும் மறையாது. வெளிச்சம் இருக்கிறதே என்று இரவு பதினொன்று வரை நடந்து, மறுநாள் எழ முடியாமல் கிடப்பார்கள். ஆகஸ்ட் பிற்பாதியில் கொசு போய்விடும், இரவில் உறைபனி வரலாம். என்னைக் கேட்டால் அந்த வாரங்கள்தான் சரி.

விலங்குகளில் கவனிக்க வேண்டியது கஸ்தூரி எருது. 1960களில் கிழக்குக் கிரீன்லாந்திலிருந்து கொண்டுவந்து விட்ட சில எருதுகளின் வம்சம் இப்போது கங்கெர்லுசுவாக் பக்கம் நிறைய மேய்கிறது. அசையாமல் நிற்பதைப் பார்த்துப் படமெடுக்க நெருங்காதீர்கள். பாதையிலேயே நின்றால் நீங்கள்தான் சுற்றிப் போக வேண்டும். பயமில்லாமல் கிட்டே வருகிற நரிக்கு ரேபிஸ் இருக்கலாம். சிசிமியுட் ஓரத்தில் சங்கிலியில் கட்டியிருக்கும் நாய்கள் ஸ்லெட் என்ற பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் வேலை நாய்கள், தடவிக்கொடுக்கப் போகாதீர்கள்.

கடைசியாகக் காகித வேலை. கிரீன்லாந்து டென்மார்க் அரசின் பகுதி, ஆனால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொது விசா ஏற்பாடான ஷெங்கனில் இல்லை. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு வெறும் ஷெங்கன் விசா போதாது. கிரீன்லாந்துக்கும் செல்லும் என்று விசாவில் எழுதியிருக்க வேண்டும், அதை விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். பழைய பயணக் குறிப்புகளைப் படித்து விமானம் பார்க்காதீர்கள். 2024 நவம்பரில் தலைநகர் நூக்கின் புதிய ஓடுதளம் திறந்த பிறகு கோபன்ஹேகன் விமானங்கள் அங்கே இறங்குகின்றன, கங்கெர்லுசுவாக்குக்கு அங்கிருந்து மாறிப் போக வேண்டும். திரும்பும்போது சிசிமியுட்டின் சிறிய விமான நிலையம் மூடுபனியால் முடங்கிவிடலாம். நடந்து முடிக்கும் நாளுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் இடையில் இரண்டு நாளாவது காலியாக விடுங்கள்.